ஒரு ராக்கெட் ஏன் பறக்கவில்லை?



விண்வெளி என்றதும் வெற்றிக் கதைகள்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. 1957-ல் ஸ்புட்னிக் பூமியைச் சுற்றியது. 1961-ல் ககாரின் விண்வெளிக்குச் சென்று திரும்பினார். 1969-ல் ஆர்ம்ஸ்டிராங் சந்திரனில் கால் வைத்தார். இவற்றையெல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள். ஆனால் காகிதத்தில் பிறந்து, பட்டறையில் வளர்ந்து, ஒரு முறைகூட வானத்தை எட்டாமல் மறைந்துபோன ராக்கெட்டுகளும் உண்டு. அவற்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தோற்றவனின் கதையைக் கேட்க யாருக்கு ஆசை?

நான் அப்படி ஒரு ராக்கெட்டைப் பற்றியே இங்குப் பேசப் போகிறேன். அதன் பெயர் பி.ஏ.-2. அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தில் அதைக் கட்டத் தொடங்கினார்கள். அதன் எஞ்சின்களில் ஒன்று நன்றாகவே எரிந்தது. ஆயினும் 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. "அரசாங்கம்தான் எங்களைக் கொன்றது" என்பது அதைக் கட்டியவர்களின் வாதம். இந்த வாதம் சரியா? இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. அதைச் சொல்லுமுன், உண்மைகளை உங்கள் முன் வைக்கிறேன். நீங்களே நீதிபதியாக இருந்து பாருங்கள்.

கணக்கில் ஆசை கொண்ட ஒரு பாங்கர்

ஆண்ட்ரூ பீல் என்பவர் டெக்ஸாஸில் ஒரு பாங்கை நடத்தி வந்த செல்வந்தர். பணக்கணக்கு மட்டுமல்லாமல் எண் கணிதத்திலும் அவருக்கு ஈடுபாடு அதிகம். 1993-ல் அவர் ஒரு புதிரை முன்வைத்தார். 3-ன் மும்மடி 27. 6-ன் மும்மடி 216. இரண்டையும் கூட்டினால் 243. இந்த 243 என்பது 3-ன் ஐந்தாம் அடுக்கு. இங்கே 3, 6, 3 ஆகிய மூன்று எண்களும் 3-ஆல் வகுபடுகின்றன அல்லவா? அடுக்குகள் மூன்றும் 2-க்கு மேற்பட்ட முழு எண்களாக இருந்து, இப்படி ஒரு கூட்டல் அமைந்தால், அந்த மூன்று எண்களுக்கும் பொதுவான ஒரு பகா எண் வகுத்தியாக இருந்தே தீரும் என்பது பீலின் ஊகம். இதை மெய்ப்பிப்பவருக்கு, அல்லது தவறென்று காட்டுபவருக்கு, பரிசு அறிவிக்கப்பட்டது. 2013 முதல் அந்தப் பரிசு பத்து லட்சம் டாலர். உங்களில் யாராவது முயன்று பார்க்கலாம்!

இத்தகைய மனிதர் 1997-ல் 'பீல் ஏரோஸ்பேஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அரசாங்கத்திடம் ஒரு காசும் வாங்காமல், தம் சொந்தப் பணத்தில் ஒரு பெரிய ராக்கெட்டைக் கட்டி, வாடகை வாங்கிக்கொண்டு பிறருடைய செயற்கைக் கோள்களை விண்வெளிக்கு அனுப்புவது அவருடைய நோக்கம். லாரி வைத்திருப்பவர் சரக்கு ஏற்றிச் செல்வதைப் போன்ற தொழில்தான். தூரம் மட்டும் சற்று அதிகம்.

அந்தக் காலத்தில் அது நல்ல தொழிலாகவே தோன்றியது. டெலிவிஷன் ஒளிபரப்புக்கும் தொலைபேசிக்கும் புதிய செயற்கைக் கோள்கள் வேண்டியிருந்தன. 66 செயற்கைக் கோள்களைக் கொண்டு உலகம் முழுவதற்கும் கைத்தொலைபேசி வசதி தருவோம் என்று 'இரிடியம்' நிறுவனம் கிளம்பியது. அதைப் பின்பற்றி இன்னும் பலர் திட்டம் தீட்டினார்கள். இத்தனையையும் மேலே கொண்டுபோய் விட ராக்கெட்டுகள் போதுமா? போதா என்றே பலரும் எண்ணினார்கள்.

மருந்தடிப்பானும் ராக்கெட்டும்

ராக்கெட் ஏன் இவ்வளவு விலை பிடிக்கிறது? பல காரணங்களில் ஒன்று அதன் பம்பு. ராக்கெட் எஞ்சினின் எரி அறையில் அழுத்தம் மிக அதிகம். அந்த அழுத்தத்தை எதிர்த்து எரிபொருளையும், அதை எரிக்க வேண்டிய ஆக்ஸிஜனையும் உள்ளே தள்ள வேண்டும். சந்திரனுக்கு மனிதர்களைக் கொண்டுசென்ற சாட்டர்ன்-5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டர்போ பம்பு ஒவ்வொரு விநாடியும் இரண்டரை டன் திரவத்தைத் தள்ளியது. அதன் சக்தி சுமார் 55,000 குதிரைத் திறன்! ஒரு பக்கம் கடுங்குளிர்ந்த திரவ ஆக்ஸிஜன், மறு பக்கம் கொதிக்கும் வாயுக்கள். நடுவில் பம்பரம்போல் சுழலும் சக்கரம். இப்படி ஒரு பொறியைச் செய்வது எளிதா? எளிதன்று, மலிவும் அன்று.

பீலின் பொறியியலாளர்கள் பம்பே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

வயலில் மருந்து தெளிக்கும் கைத்தெளிப்பானை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதலில் காற்றை அடித்து உள்ளே அடைக்கிறார்கள். பிறகு குழாயைத் திறந்தால் மருந்து தானாகவே சீறி வருகிறது. உள்ளேயிருக்கும் காற்றின் அழுத்தமே அதை வெளியே தள்ளுகிறது. பி.ஏ.-2 ராக்கெட்டிலும் இதே தத்துவந்தான். தொட்டியில் அழுத்தமான வாயுவைச் செலுத்தினால் போதும். திரவம் எஞ்சினுக்குள் பாய்ந்துவிடும். சுழலும் பாகம் எதுவும் இல்லை. ஆகவே பழுதாக வேண்டிய பாகங்களும் குறைவு.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. பம்பு உள்ள ராக்கெட்டின் தொட்டி மெல்லிய தகரம்போல் இருந்தால் போதும். பம்பு இல்லாத ராக்கெட்டிலோ, தொட்டி முழுவதுமே அந்த உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும். எனவே சுவர் தடிக்க வேண்டும், எடை கூடும். எடை கூடினால் சுமக்கும் சரக்கு குறையும். இதைச் சமாளிக்க, உலோகத்துக்குப் பதிலாகக் கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து, நூற்கண்டு சுற்றுவதுபோல் சுற்றிச் சுற்றித் தொட்டிகளைச் செய்ய முனைந்தார்கள். எடை குறைவு, வலிமை அதிகம்.

அடுத்து எரிபொருள். மண்ணெண்ணெயை எரிப்பது பழைய வழக்கம். ஆனால் அதை எரிக்கத் திரவ ஆக்ஸிஜனுக்குப் பதிலாக ஹைட்ரஜன் பெராக்ஸைடை இவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். காயம் கழுவ மருந்துக் கடையில் வாங்குகிறோமே, அதே பொருள்தான். மருந்துக் கடையில் கிடைப்பது நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பங்கு வலிமையுடையது, மீதி தண்ணீர். ராக்கெட்டுக்கு வேண்டியதோ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவில் செறிந்தது. வெள்ளி போன்ற ஒரு வினையூக்கியின் மேல் அதைச் செலுத்தினால், அது நீராவியாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிகிறது. அப்போது வெளிப்படும் வெப்பத்தால் அந்தக் கலவை 700 டிகிரி செல்சியஸையும் தாண்டிவிடும். அதில் மண்ணெண்ணெயைப் பீச்சினால் தீக்குச்சி கிழிக்க வேண்டியதே இல்லை, தானாகவே பற்றிக்கொள்ளும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. திரவ ஆக்ஸிஜன் பூஜ்யத்துக்கும் கீழே 183 டிகிரியில் கொதித்துவிடும். அதைத் தொட்டியில் வைத்திருப்பதே பெரும்பாடு. பெராக்ஸைடுக்கு அந்தத் தொல்லை இல்லை. சாதாரண வெப்பநிலையிலேயே இருக்கும். தண்ணீரைவிடக் கனமானது, ஆதலால் சிறிய தொட்டியில் நிறைய அடங்கும்.

இதற்கும் விலை உண்டு. எரிபொருள் ஒவ்வொரு கிலோவிலிருந்தும் கிடைக்கும் உந்தல், திரவ ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும்போது கிடைப்பதைவிடக் குறைவு. அழுக்கோ துருவோ பட்டால் பெராக்ஸைடு தன்னிச்சையாகப் பிரிந்து வெடிக்கவும் கூடும். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'குர்ஸ்க்' என்ற ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 118 பேர் மாண்டார்களே, அதற்குத் தொடக்கம் பெராக்ஸைடால் இயங்கும் ஒரு டார்பிடோவில் நேர்ந்த வெடிப்புதான். ஆயினும் சரியாகக் கையாண்டால் பயன்படும் பொருள் இது. பிரிட்டனின் 'பிளாக் ஆரோ' ராக்கெட் இதே பெராக்ஸைடையும் மண்ணெண்ணெயையும் கொண்டு 1971 அக்டோபரில் 'பிராஸ்பெரோ' என்ற செயற்கைக் கோளை ஏவியது. அந்த ராக்கெட் திட்டத்தையும் அதற்குச் சில மாதங்கள் முன்பே அரசாங்கம் ரத்துசெய்துவிட்டது என்பது ஒரு வேடிக்கை!

ஆக, பீலின் வழி இதுதான்: ராக்கெட் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், கொஞ்சம் கனமாகவும் இருக்கட்டும், ஆனால் எளிமையாக இருக்க வேண்டும், மலிவாக இருக்க வேண்டும். மூன்று அடுக்குகள், அறுபது மீட்டருக்கு மேல் உயரம், பூமிக்கு அருகிலுள்ள சுற்றுப்பாதைக்கு ஏறத்தாழ 17 டன் சுமக்கும் ஆற்றல். இது சிறுபிள்ளை விளையாட்டன்று.

நெருப்பு எரிந்தது

டெக்ஸாஸில் மெக்கிரிகர் என்று ஒரு சிறிய ஊர். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்தது. அந்த இடத்தில் பீல் நிறுவனம் எஞ்சின்களைச் சோதிக்கும் மேடையை அமைத்தது. 2000-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள், இரண்டாம் அடுக்குக்கான பி.ஏ.-810 எஞ்சின் அங்கே சுமார் இருபது விநாடிகள் எரிந்தது. வெற்றிடத்தில் அதன் உந்து விசை 8,10,000 பவுண்டு, அதாவது சுமார் 367 டன் என்று கணக்கிடப்பட்டிருந்தது. சாட்டர்ன்-5-ன் எஃப்-1 எஞ்சினுக்குப் பிறகு அமெரிக்காவில் செய்யப்பட்ட திரவ எரிபொருள் எஞ்சின்களில் அதுவே மிகப் பெரியது. மூன்றே ஆண்டுகளில், அரசாங்க உதவியின்றி, ஒரு தனி மனிதரின் பணத்தில் இவ்வளவு தூரம் வந்தது பாராட்டத் தக்கதல்லவா?

நிச்சயமாகப் பாராட்டத் தக்கது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இது இரண்டாம் அடுக்கின் எஞ்சின்தான். முதல் அடுக்குக்கு வேண்டிய பி.ஏ.-3200 எஞ்சினின் உந்து விசை இதைப்போல் நான்கு மடங்கு. எஃப்-1 எஞ்சினைவிடவும் அது இரு மடங்குக்கு மேல் பெரியது. அந்த எஞ்சின் கட்டப்படவே இல்லை. மலை ஏறுபவன் பாதி வழியில் இளைப்பாறும்போது, ஏறி வந்த பாதி எளிதா, இனி ஏற வேண்டிய பாதி எளிதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

பல்லிக்கும் ஒரு வழக்கு

எஞ்சின் இருந்தால் போதுமா? ஏவுவதற்கு இடம் வேண்டாமா?

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். நிலநடுக்கோட்டில் அந்த வேகம் விநாடிக்கு 465 மீட்டர். ராக்கெட்டைக் கிழக்கு நோக்கி ஏவினால் இந்த வேகம் இலவசமாகக் கிடைக்கிறது. வடக்கே போகப் போக இது குறையும். 28½ டிகிரி வடக்கிலுள்ள கேப் கனாவெரலில் 409 மீட்டர்தான். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. டெலிவிஷன் செயற்கைக் கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே சுற்ற வேண்டும். வடக்கேயிருந்து ஏவினால் பாதை சாய்ந்திருக்கும். அதை நேராக்க எரிபொருளைச் செலவிட வேண்டும். ஆகவே தெற்கே போகிறவனுக்கு லாபம். கிழக்கே கடலும் இருந்தால்தான், கழன்று விழும் அடுக்குகள் யார் தலையிலும் விழா.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, கரீபியன் கடலில் பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட அங்குவில்லாவைச் சேர்ந்த சொம்பிரேரோ என்ற சிறு தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். அரைச் சதுர கிலோமீட்டர் பரப்புக்கூட இல்லாத பாறைத் தீவு அது. மனிதர் வாழாத இடந்தானே என்று நினைத்தார்கள். ஆனால் அங்கே கடற்பறவைகள் கூடு கட்டுகின்றன. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு வகைக் கறுப்புப் பல்லி அங்கே வாழ்கிறது. பறவைப் பாதுகாப்புச் சங்கத்தினரும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

"ஒரு பல்லிக்காக ஒரு ராக்கெட்டை நிறுத்துவதா?" என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். நான் சிரிக்க மாட்டேன். ராக்கெட் ஏவ வேறு இடம் தேடிக்கொள்ளலாம். அந்தப் பல்லிக்கு வேறு இடம் இல்லை. ஏவுதளத்தின் விலையைக் கணக்கிடும்போது இதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். பிறகு 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் தென் அமெரிக்காவின் கயானா நாட்டுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அங்கேயும் நிம்மதி இல்லை. அந்த நிலப்பகுதி தனக்கே சொந்தம் என்று வெனிசூலா நெடுங்காலமாக உரிமை கொண்டாடி வருகிறது. அது ஆட்சேபம் தெரிவித்தது.

கதவு மூடியது

2000 அக்டோபர் 23-ஆம் நாள் பீல் ஏரோஸ்பேஸ் தன் வேலையை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்கு அவர்கள் சொன்ன முக்கியக் காரணம் இதுதான்: அமெரிக்க அரசாங்கத்தின் விண்வெளி நிறுவனமான நாசா, புதிய ராக்கெட்டுகளை உருவாக்கப் பெரிய நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கும் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. எங்கள் போட்டியாளர்களுக்கு அரசாங்கமே பணம் கொடுத்தால், சொந்தப் பணத்தில் முயல்பவர்கள் எப்படிப் பிழைப்பது?

இப்போது நீதிபதியின் ஆசனத்தில் அமருங்கள்.

முதலில் பீலின் பக்கம் பேசுவோம். ஓர் ஊரில் ஒருவர் சொந்தப் பணத்தில் பஸ் வாங்கி ஓட்டுகிறார். அதே தடத்தில் ஓடும் இன்னொருவருக்கு அரசாங்கமே பஸ் வாங்கிக் கொடுக்கிறது. முதலாமவர் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் தாக்குப்பிடிக்க முடியுமா? இது வெறும் கற்பனையன்று. 1998-லேயே அமெரிக்க விமானப் படை, புதிய ராக்கெட்டுகளை உருவாக்குவதற்காகப் போயிங், லாக்ஹீட் மார்ட்டின் ஆகிய இரு பெரிய நிறுவனங்களுக்கும் தலைக்கு 50 கோடி டாலர் கொடுத்திருந்தது. அந்த உதவியோடு பிறந்தவைதாம் டெல்ட்டா-4, அட்லஸ்-5 ராக்கெட்டுகள். இதற்கு மேல் நாசாவின் திட்டமும் வந்தது. ஆகவே பீலின் குறை நியாயமற்றது என்று சொல்ல முடியாது.

இனி மறு பக்கம். 1999 ஆகஸ்டில் இரிடியம் நிறுவனம் திவாலாயிற்று. அதே மாதத்தில், அதேபோன்ற இன்னொரு செயற்கைக் கோள் தொலைபேசி நிறுவனமும் கடனில் மூழ்கியது. தரையிலேயே கோபுரங்கள் நட்டு நடத்தும் கைத்தொலைபேசி மலிவாகக் கிடைத்தபோது, செங்கல் போன்ற கருவியைத் தூக்கிக்கொண்டு அலைய மக்கள் விரும்பவில்லை. நூற்றுக்கணக்கில் செயற்கைக் கோள்கள் ஏவப்படும் என்ற எதிர்பார்ப்பு கலைந்தது. சரக்கே இல்லாத ஊரில் லாரி வாங்கி என்ன பயன்? இதை அரசாங்கத்தின் மேல் பழிபோட முடியுமா? மேலும், மிகப் பெரிய எஞ்சின் இன்னும் கட்டப்படவில்லை, ஏவுதளமும் அமையவில்லை. அவ்வளவு சுமையும் ஒரே ஒரு மனிதரின் பணப்பையின் மேல் இருந்தது.

என் தீர்ப்பு

ஆகவே "அரசாங்கம் கொன்றது" என்பது பாதி உண்மை என்பதே என் கருத்து. நாசாவின் அறிவிப்பு கடைசி அடி. ஆனால் அதற்கு முன்பே நோயாளி தளர்ந்திருந்தார்.

இத்துடன் நிறுத்திவிட்டால், "அப்படியானால் அரசாங்கம் இந்தத் தொழிலில் தலையிடவே கூடாது" என்று சிலரும், "தனியாரால் இதெல்லாம் ஆகாது, அரசாங்கமே செய்யட்டும்" என்று வேறு சிலரும் முடிவு கட்டிவிடுவார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். அதற்கு இரண்டு சாட்சிகளை அழைக்கிறேன்.

முதல் சாட்சி எக்ஸ்-33. திரும்பத் திரும்பப் பயன்படும் ஒரு விண்கலத்துக்கு முன்மாதிரியாக இதைக் கட்ட 1996-ல் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தை நாசா தேர்ந்தெடுத்தது. அதைத் தொடர்ந்து 'வென்ச்சர் ஸ்டார்' என்ற பெரிய கலம் வணிகச் செயற்கைக் கோள்களைச் சுமக்கும் என்றார்கள். 1999 நவம்பரில் அதன் ஹைட்ரஜன் தொட்டி சோதனையில் சேதமடைந்தது. 2001 மார்ச்சில் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் 90 கோடி டாலருக்கு மேல் பொதுப் பணம் செலவாகியிருந்தது. பீலை அச்சுறுத்திய நாசா திட்டமும் 2002-ல் உருமாற்றப்பட்டது. அதிலிருந்து ஒரு ராக்கெட்டும் பறக்கவில்லை. ஆகவே அரசாங்கத்தின் பணம் மட்டுமே ராக்கெட்டைப் பறக்க வைத்துவிடாது.

இரண்டாவது சாட்சி, அதே மெக்கிரிகர் சோதனை மேடை. பீல் விட்டுச் சென்ற இடத்தை, 2002-ல் தொடங்கப்பட்ட ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனம் வாடகைக்கு எடுத்துக்கொண்டது. அந்த நிறுவனமும் தொடக்கத்தில் தடுமாறியது. அதன் ஃபால்கன்-1 ராக்கெட் முதல் மூன்று முறையும் தோற்று, 2008 செப்டம்பரில் நான்காம் முறைதான் சுற்றுப்பாதையை அடைந்தது. இதற்கிடையில் 2006-ல் நாசா ஒரு புதிய முறையைக் கையாண்டது. விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுசெல்ல முன்வரும் நிறுவனங்களுக்குப் பணம் உண்டு; ஆனால் மொத்தமாக அல்ல. வேலையைப் பல கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒரு கட்டத்தை முடித்துக் காட்டினால் அதற்குரிய தொகை. முடிக்காவிட்டால் ஒன்றும் இல்லை. நிறுவனமும் தன் பங்குக்குப் பணம் திரட்ட வேண்டும். இரண்டு நிறுவனங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒன்று ஸ்பேஸ் எக்ஸ். மற்றொன்று ராக்கெட் பிளேன் கிஸ்லர். கிஸ்லரால் தன் பங்குப் பணத்தைத் திரட்ட முடியவில்லை. 2007-ல் நாசா அதை நிறுத்திவிட்டு, வேறொரு நிறுவனத்துக்கு வாய்ப்பளித்தது. ஸ்பேஸ் எக்ஸ் 2010 ஜூனில் ஃபால்கன்-9 ராக்கெட்டை ஏவியது. 2012 மே மாதத்தில் அதன் கலம் விண்வெளி நிலையத்தை அடைந்தது. 2013 டிசம்பரில் ஒரு வணிகச் செயற்கைக் கோளைத் தொலைதூரப் பாதைக்கு அனுப்பியது. பீல் கண்ட கனவு அதுதானே!

இவ்விரு சாட்சிகளும் என்ன சொல்கின்றன? அரசாங்கம் உதவலாமா, கூடாதா என்பதைவிட, எப்படி உதவுகிறது என்பதே முக்கியம் என்கின்றன. எவர் பெரியவரோ அவருக்கு முன்பணம் கொடுத்து, "நீ எப்படியாவது செய்" என்றால் பணமும் போகும், புதிதாக வருபவனும் போவான். "எனக்கு இந்தச் சேவை வேண்டும், செய்து காட்டுபவருக்கு இந்தத் தொகை, யார் வேண்டுமானாலும் வரலாம்" என்று நல்ல வாடிக்கையாளராக நின்றால், திறமையுள்ளவன் முன்னுக்கு வருவான், தோற்பவனுக்காகப் பொதுப் பணம் அதிகம் வீணாகாது. பீலுக்கு அப்படி ஒரு வாடிக்கையாளர் 2000-ஆம் ஆண்டில் கிடைத்திருந்தால் பி.ஏ.-2 பறந்திருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பறக்க முடியுமா என்பதைச் சோதித்துப் பார்க்க ஒரு நியாயமான வாய்ப்பு இருந்திருக்கும்.

வீணா?

"அப்படியானால் மூன்றரை ஆண்டு உழைப்பும் வீண்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். முழுவதும் வீண் என்று நான் ஒப்ப மாட்டேன். சோதனை மேடை இன்னொருவருக்குப் பயன்பட்டது. பம்பு இல்லாமலே இவ்வளவு பெரிய எஞ்சினை எரிக்க முடியும் என்று தெரிந்தது. மேலும், லாபமில்லை என்று தெரிந்த பிறகும் கௌரவத்துக்காகப் பணத்தைக் கொட்டிக்கொண்டிருப்பதைவிட, தகுந்த நேரத்தில் நிறுத்துவதும் ஒரு துணிவுதான். "இவ்வளவு செலவழித்துவிட்டோமே" என்பது தொடர்வதற்கு ஒரு காரணமாகாது. இனி வரப்போகும் செலவையும் இனி வரப்போகும் பயனையும் ஒப்பிடுவதே அறிவு.

ஆயினும் ஒரு நஷ்டம் உண்டு. தனியார் நிறுவனம் மூடும்போது, அது கற்றவற்றில் பெரும்பகுதி அலமாரிக்குள் அடைந்துவிடுகிறது. எந்தப் பிசின் தாங்கியது, எந்தக் குழாய் வெடித்தது என்பதை அடுத்து வருபவன் மறுபடியும் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். பீல் செலவிட்டது அவருடைய சொந்தப் பணம். வெளியிட வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பொதுப் பணம் ஒரு ரூபாய் சேர்ந்தாலும், தோற்றுப்போன திட்டத்தின் பாடங்கள் எல்லார்க்கும் பொதுவாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். விஞ்ஞானத்தில் தவறான விடையும் ஒரு விடைதான். எழுதி வைக்கப்பட்டால் மட்டும்!

இளம் நண்பர்களே! இனி ஏதாவது ஒரு செய்தித்தாளில், "புதிய ராக்கெட் வரப் போகிறது, மலிவாகச் செயற்கைக் கோள் ஏவும்" என்ற செய்தியைப் படித்தால், வியப்பதற்கு முன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். அதன் மிகக் கடினமான பாகம் எது, அதைச் சோதித்துவிட்டார்களா? எங்கிருந்து ஏவப் போகிறார்கள், அங்கே வாழ்பவர்களுக்கும் வாழ்பவைகளுக்கும் என்ன ஆகும்? ஏற்றிச் செல்லச் சரக்கு இருக்கிறதா? பணம் யாருடையது, எந்த நிபந்தனையின் பேரில் வருகிறது? நின்றுபோனால் அந்த அறிவு யாருக்குச் சேரும்?

இவற்றில் முதல் கேள்விக்கு மட்டுமே பௌதிகமும் ரசாயனமும் விடை சொல்லும். மற்ற நான்குக்கும் புவியியலும் உயிரியலும் பொருளாதாரமும் குடிமையியலும் வேண்டும். ராக்கெட் விஞ்ஞானியாக வேண்டும் என்பதற்காக அந்தப் பாடங்களையெல்லாம் ஒதுக்கி வைத்திருக்கிறீர்களா? இன்றே எடுத்துப் படியுங்கள். பி.ஏ.-2 இடறி விழுந்தது அந்த நான்கு கேள்விகளில்தான்.